கீழ்ப்படிதல் ஓர் அறமாகுமா?

குழந்தை இலக்கியத்தைக் கருத்தூன்றி ஆராயும் வழக்கம் நம்மிடையே குறைவு. ஆயினும், ஒரு சமுதாயம் தனது அடுத்த தலைமுறையிடம் எதனை எதிர்பார்க்கின்றது என்பதை அறிய அதனிலும் நல்ல சான்று கிடைப்பது அரிது. "சொற்கேட்கும் பிள்ளையே நல்ல பிள்ளை" என்பது அவ்விலக்கியத்தின் நெடுநாளைய போதனை. சொல்பவர் யார், சொல்லப்படுவது எது என்ற வினாக்களை அப்போதனை எழுப்புவதில்லை. அவ்வினாக்களை எழுப்பிய ஒரு திரைப்படத்தையும், விமர்சகர்கள் அதனை எதிர்கொண்ட விதத்தையும் இங்கு நோக்குவோம்.

இத்தாலிய எழுத்தாளர் கார்லோ கொலோடி 1881 முதல் 1883 வரை சிறுவர் இதழொன்றிலே தொடராக எழுதிய கதை "பினோக்கியோ". மரப்பாவை ஒன்று பல துன்பங்களுக்குப் பின் மனிதச் சிறுவனாவது அதன் பொருள். மெக்சிக்கோ நாட்டவரான கியர்மோ டெல் டோரோவும், மார்க் கஸ்டாஃப்சனும் 2022இல் இதனைப் பொம்மைப் படமாக்கினர். பொம்மையை அணுவணுவாக அசைத்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே படம்பிடித்து, வினாடிக்கு 24 படங்களாக ஓடவிடும் முறை இது. கதை நிகழும் களத்தை முசோலினியின் இத்தாலிக்கு மாற்றியதே இவர்கள் செய்த பெரும் மாற்றம்.

விமர்சகர்களுள் மிகப் பெரும்பாலோர் படத்தைப் பாராட்டினர். 2023இல் ஒஸ்கார் விருதும் கிடைத்தது. அதே 2022இல் டிஸ்னி நிறுவனம் தனது 1940ஆம் ஆண்டுப் படத்தைப் புதுப்பித்து வெளியிட்டபோது அதற்குக் கிடைத்தது பெரும்பாலும் கண்டனமே. எனினும், டெல் டோரோவின் படத்தைப் பற்றியும் சிலர் தடை எழுப்பினர். குழந்தைகளுக்கு இத்துணை மரணமும் இருளும் ஆகா என்பது ஒன்று. மூலநூலினின்று விலகிவிட்டது என்பது மற்றொன்று. குழந்தைக் கதையுள் அரசியலைப் புகுத்தலாமா என்பது மூன்றாவது.

முதலிரு தடைகளும் மூலநூலின் முன் நிற்கமாட்டா. கொலோடி முதலில் கதையை முடித்த இடம், பினோக்கியோ மரத்திலே தூக்கிலிடப்படும் 15ஆம் அத்தியாயமாகும். வாசகரின் வேண்டுதலாலேயே அது மேலும் தொடர்ந்தது. பொற்காசுகளைப் பறிகொடுத்து முறையிடும் பாவையையே சிறைக்கனுப்பும் குரங்கு நீதிபதி ஒருவரும் அந்நூலில் வருகின்றார். ஏழைக்கு நீதி கிடையாத உலகை அறிந்த எழுத்தாளரின் படைப்பு அது. இருளும் எள்ளலும் டெல் டோரோ இறக்குமதி செய்த சரக்கல்ல.

மூன்றாவது தடைக்கு வரலாறே விடை கூறுகின்றது. 1922இல் ஆட்சியைக் கைப்பற்றிய பாசிஸ்டுகள் 1926இல் சிறுவருக்கெனச் சீருடை இயக்கம் அமைத்தனர். 1929இல் தொடக்கப் பாடசாலைகளுக்கெல்லாம் அரசின் ஒரே பாடநூல் எனச் சட்டமியற்றினர். "நம்பு, கீழ்ப்படி, போரிடு" என்பது அவர்களது சுலோகம். பினோக்கியோவுக்கே கருஞ்சட்டை அணிவித்த கதைகளும் அக்காலத்தில் வெளிவந்தன. 1931இல் பல்கலைக்கழகப் பேராசிரியர் அனைவரும் ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் செய்யுமாறு பணிக்கப்பட்டனர். 1,200க்கு மேற்பட்டோரில் மறுத்தவர் சுமார் 12 பேரே. குழந்தையின் உலகினுள் அரசியலைப் புகுத்தியவர் யாவர் என்பது இதனால் விளங்கும். படம் அதனைக் கண்முன் நிறுத்தியது, அவ்வளவே.

அங்ஙனமாயின், கீழ்ப்படியாமையே அறமாகுமா? ஆகாது. தான்தோன்றித்தனமும் கீழ்ப்படியாமையின் ஒரு வடிவமே. படம் இவ்வேறுபாட்டை உணர்ந்திருக்கின்றது. தொடக்கத்தில் பினோக்கியோவின் அடங்காமை வெறும் குறும்பே. அதனால் தந்தை துன்புறுகின்றார். ஆனால் போர்ப் பயிற்சி முகாமில், பாசிஸ்ட் அதிகாரி ஒருவர் தம் மகனிடம் துப்பாக்கியை நீட்டித் தோழனைச் சுடுமாறு பணிக்கும்போது, அச்சிறுவன் மறுக்கின்றான். இம்மறுப்பு குறும்பன்று. தன் செயலால் துன்புறப்போகும் இன்னொருவனைக் கண்டறிந்த மனம் கூறும் "இல்லை" அது. பொய்யுரைத்தால் வளரும் மூக்கு, கடல் விலங்கின் வயிற்றினின்று அனைவரும் தப்பும் பாலமாவதும் இக்கருத்தையே வலியுறுத்துகின்றது. விதியின் பெறுமதியை அது மனிதருக்கு ஆற்றும் பயனைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும்.

பாராட்டிய விமர்சகர்களிடமும் நமக்கு ஒரு குறை உண்டு. படத்தின் தலைப்பே டெல் டோரோ என்ற ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பாவைகளைச் செய்தோரும், நாள்தோறும் நின்று அவற்றை அசைத்தோருமான கலைத் தொழிலாளரின் கூட்டுழைப்பு அத்தலைப்பின் பின்னே மறைகின்றது. கீழ்ப்படியாமையைப் போற்றும் இப்படத்தை உலகுக்கு விற்றது நெற்பிளிக்ஸ் என்னும் பெருமுதலாளித்துவ நிறுவனம் என்பதையும் மறத்தலாகாது. இம்முரண்பாடு படத்தின் உண்மையைப் பொய்யாக்கிவிடாது. ஆனால், எதிர்ப்பும் ஒரு பண்டமாக விலைபோகக்கூடும் என எச்சரிக்கின்றது.

ஆசிரியராகவும் மாணவராகவும் வாழும் நமக்கு இவ்வினா திரையரங்கோடு முடிவதன்று. வகுப்பறையின் அமைதியை ஒழுக்கம் எனக் கொள்வது எளிது. அச்சத்தால் விளைந்த அமைதியும், விளக்கத்தால் விளைந்த இணக்கமும் புறத்தே ஒன்றுபோலவே தோன்றும். அநீதியான கட்டளை ஒன்று வரும் நாளிலேதான் இரண்டும் வேறுபடும். அந்நாளில் "ஏன்?" என்று கேட்க வல்ல பிள்ளையை உருவாக்குவதே கல்வியின் கடன். அத்தகைய பிள்ளை முதலில் நம்மையே "ஏன்?" என்று கேட்கும். அதற்கு விடை கூற நாம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.