பாட்டின் மொழியும் மண்டபத்தின் வாயிலும்

சென்னை உயர்நீதிமன்றத்துக்கு அண்மையில், பாரிமுனைப் பகுதியில், இராஜா அண்ணாமலை மன்றம் என்னும் பெருமண்டபம் நிற்கிறது. 1952ஆம் ஆண்டில் எழுந்தது. அங்கே தமிழிசைச் சங்கம் நடத்தும் மார்கழி விழாவிலே கச்சேரியின் தொடக்கமும் நடுவும் முடிவும் தமிழ்ப் பாடல்களே. இதில் என்ன புதுமை என்று எம் மாணவர் வினவலாம். தமிழகத்தின் தலைநகரிலே தமிழிற் பாடுவதற்கெனத் தனியாக ஒரு மண்டபம் வேண்டியிருந்ததே, அதுதான் புதுமை. வேதனையும் அதுவே.

1927இற் சென்னையிற் காங்கிரஸ் மகாசபை கூடியபொழுது அதனோடு ஒரு சங்கீத மகாநாடும் நடைபெற்றது. அதன் பயனாக அடுத்த ஆண்டில் மியூசிக் அகாடமி எனப்படும் சங்கீத வித்வத் சபை தோன்றியது. அரசவையும் ஜமீன் மாளிகையும் புரந்துவந்த கலை, சீட்டு வாங்கியவர் எவரும் கேட்கத்தக்க பொதுப்பொருளாகச் சபைகளின் வழியே மாறிக்கொண்டிருந்த காலம் அது. அம்மாற்றம் முற்போக்கானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த மேடைகளிலே தெலுங்குக்கும் வடமொழிக்கும் தலையிடம். தமிழுக்குக் கிடைத்தது 'துக்கடா'. சபையோர் செருப்பைத் தேடத் தொடங்கும் வேளையிற் பாடப்படுவது என்று அதற்குப் பொருள் கூறலாம்.

1941இல் அண்ணாமலைச் செட்டியார் தமது சிதம்பரம் பல்கலைக்கழகத்திலே தமிழிசை மகாநாட்டைக் கூட்டினார். அவ்வாண்டிலேயே வித்வத் சபையார், மொழியைக் கருதிச் சங்கீதத்தின் தரம் தாழ இடமளிக்கலாகாது என்று தீர்மானித்தனர். இராஜாஜி, கல்கி, டி. கே. சி. முதலியோர் தமிழின் பக்கம் நின்றனர். 1943இல் தமிழிசைச் சங்கம் பிறந்தது.

எதிர்த்தரப்பார் கையாண்ட பெரிய வாதம், சங்கீதத்துக்கு மொழியில்லை என்பது. இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியிலே சொல் ஒன்றேனும் உண்டா? ஆயிரக்கணக்கானோர் நள்ளிரவிலும் அசையாதிருந்து அதைக் கேட்கவில்லையா? சொல்லின்றி இசை வாழும், உண்மைதான். ஆனால் மொழி பொருட்டன்று எனக் கருதுபவர் எம்மொழிக்கும் அஞ்சவேண்டியதில்லையே! தெலுங்கிற் பாடினால் தாழாத தரம் தமிழிற் பாடினால் மட்டும் ஏன் தாழவேண்டும்? ஒரு மொழி ஏற்கனவே ஆசனத்தில் அமர்ந்திருக்கும்பொழுது, 'இங்கே மொழிப் பேச்சு வேண்டாம்' என்பது அவ்வாசனத்துக்கு இட்ட காவலேயாகும்.

இதுவரையில் நாம் தமிழிசைக் கட்சியோடு முழுமனத்துடன் நிற்கலாம். இதற்கப்பாலே சங்கடமான வினா ஒன்று இருக்கிறது.

தமிழிசையின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள். 1942இல் வெளிவந்த ஜெமினியின் 'நந்தனார்' திரைப்படத்திலே தண்டபாணி தேசிகர் நந்தனாராகவே தோன்றினார். நந்தனார் பாட்டுக்குக் கண்ணீர் விடாத தமிழ்ச் சபை அரிது. பொருள் விளங்குவதனால் அழுகிறார்கள். தாய்மொழிப் பாட்டு நெஞ்சைத் தொடும் என்ற வாதம் அங்கே வென்றுவிடுகிறது. ஆனால் பாட்டில் வருபவன் வாயிலுக்கு வெளியே நிற்பவன். கேட்பவர் உள்ளே இருக்கிறார். நந்தனாரின் இனத்தவர் அம்மண்டபத்தின் எந்த வரிசையில் இருந்தனர்?

கடலுக்கு இப்பாலும் அதே கதைதான். நந்தனார் கதையை நன்கறிந்த யாழ்ப்பாணத்திலே, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலினுள் செல்ல முயன்ற ஒடுக்கப்பட்ட மக்கள் வாயிலிலே தடுக்கப்பட்டனர். தடுத்தவர்களுக்கு நந்தனாரின் மொழி விளங்காமற் போயிற்றா? அவர்கள் அறிந்த பாட்டு, அவர்களின் தாய்மொழி. செவிக்குள் நுழைந்த பாட்டு கைகளை மட்டும் எட்டவில்லை.

அப்படியானால் தமிழிசை இயக்கம் வீண்முயற்சியா? நான் அவ்வாறு கருதவில்லை. விளங்காத பாட்டை இனிமை என்று பாராட்டிவிட்டு வீடு செல்லலாம். விளங்கிய பாட்டிடமிருந்து அவ்வளவு எளிதில் தப்ப முடியாது. மாவிட்டபுரத்து வாயிலில் நின்றவர்களை நோக்கி, 'நீங்கள் பாடும் நந்தனார் யார்?' என்று கேட்க முடிந்தது. அக்கேள்வியைத் தமிழிற்றான் கேட்க முடிந்தது.

சென்னை மண்டபத்தைப்பற்றி அன்புவழிபுரத்திலிருந்து எழுதுவானேன் எனச் சிலர் எண்ணக்கூடும். திருகோணமலை இந்துக் கல்லூரியிற் பணிபுரிந்த விபுலானந்த அடிகளே 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றவர். தமிழிசையின் பழைய இலக்கணத்தைத் தேடி அவர் ஆக்கிய 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறியது. அந்த யாழ் யாருடைய கருவி? பாணருடையது. பிற்காலச் சமூகம் தாழ்ந்தோர் என ஒதுக்கிய பாணர் அவர்கள். எமது கோணமலைக்குப் பதிகம் பாடிய சம்பந்தரின் பாடல்களை யாழிலிட்டு வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். சாத்தமங்கையிலே திருநீலநக்கர் என்னும் அந்தணர், சம்பந்தர் சொற்படி, அப்பாணரையும் அவர் மனைவியாரையும் தம் வீட்டு வேள்வி வேதிகையின் அருகே துயிலச் செய்தார் எனப் பெரியபுராணம் கூறும். சேக்கிழாருக்கு அது ஓர் அற்புதம். அற்புதமாகப் பதிவுசெய்ய வேண்டியிருந்ததிலிருந்தே அன்றாட வழக்கம் எதுவென்று ஊகிக்கலாம்.

இராஜரத்தினம் பிள்ளை 1956இற் காலமானார். சங்கீத வித்வத் சபையின் சங்கீத கலாநிதி என்னும் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. இன்றும் பல சபைகளில் விழாவின் தொடக்கத்திலே மங்கல இசையாக நாதஸ்வரம் ஒலிக்கும். சபையோர் அவ்வேளையிலே தத்தம் இருக்கைகளைத் தேடிக்கொண்டிருப்பர்.