தட்டிக் கேட்டவர்

விருத்தாசலத்தில் சூளையிலிருந்து இறக்கிய பீங்கானை விரலால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்ல சாமான். சத்தம் செத்திருந்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளே விரிசல்.

அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு டேவ் புரூபெக் (1920–2012) நினைவுக்கு வருகிறார். அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளர், பியானோ கலைஞர், குழுத் தலைவர். மாட்டுப் பண்ணைக்காரரின் மகன். இசைக் குறியீடு வாசிக்கத் தெரியாமலே கல்லூரியில் இசை படித்தார். யாருக்கும் பாடம் நடத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே பட்டம் கிடைத்தது. காதை நம்பியே வளர்ந்தவர்.

1958-இல் அமெரிக்க அரசு அவருடைய நால்வர் குழுவைப் பல நாடுகளுக்கு அனுப்பியது. மெட்ராசுக்கும் வந்தார்கள். வாசிக்க வந்தவர்கள் இங்கே உட்கார்ந்து கேட்டார்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ கைகோத்தார். மொரெல்லோவுக்குச் சிறு வயதிலிருந்தே பார்வைக் குறைவு. பிள்ளையின் பாஷையும் தெரியாது. லயம் போதுமானதாக இருந்தது. அதே பயணத்தில் துருக்கித் தெருவில் கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளம் புரூபெக்கின் 'புளூ ரோண்டோ' ஆயிற்று.

ஜாஸ் பெரும்பாலும் நாலு எண்ணிக்கையில் நடந்த காலம் அது. 1959-இல் வந்த 'டைம் அவுட்' தொகுப்பு அந்தப் பழக்கத்தை உடைத்தது. அதிலுள்ள 'டேக் ஃபைவ்' ஐந்தில் நடக்கிறது: தகிட தக, தகிட தக. ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து தேர் என்று எல்லாம் ஐந்தாக அமைந்த விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் ஊர்க்காரனான எனக்கு அந்தக் கணக்கு அந்நியமாகப் படவில்லை.

தட்டிக் கேட்பதற்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு. குழுவின் பாஸ் கலைஞர் யூஜின் ரைட் கறுப்பினத்தவர். 1960-இல் தென்மாநிலக் கல்லூரிகள் பல அவரை மேடையேற்றக் கூடாது என்றன. அவருக்குப் பதிலாக வெள்ளைக்காரர் ஒருவரைக் கூட்டிப்போயிருந்தால் பணம் கொட்டியிருக்கும். புரூபெக் மறுத்தார். 25 கச்சேரிகளில் 23 ரத்தாயின. கூட இருப்பவனைக் கீழே இறக்கிவிட்டு வாசித்தால் நாதம் செத்துப்போகும் என்று அந்தக் காது அறிந்திருந்தது. குழுத் தலைவனுக்கு முதல் தகுதி காதுதான். பக்கத்தில் இருப்பவனைக் கேட்கத் தெரிந்தவனாலேயே நாலு பேரை ஒரே நாதமாக்க முடியும்.

புரூபெக் என்றதும் உலகம் முணுமுணுப்பது 'டேக் ஃபைவ்' மெட்டைத்தான். அதை எழுதியவர் அவருடைய குழுவின் சாக்சபோன் கலைஞர், பால் டெஸ்மண்ட்.