கப்பலில் இருந்து வந்த நலம்

போருக்குப் போகும் வழியில் ஓர் இளைஞன் வீட்டுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தால் முதலில் ஏமாற்றம்தான் வரும். நான் நலம், அங்கே எல்லாரும் நலமா, மாட்டைக் கவனித்துக்கொள்ளுங்கள், கடனை அடைத்தீர்களா என்று கேட்டு முடித்துவிடுவான். சாவை நோக்கிப் போகிறவன் பயத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதமாட்டானா என்று நமக்குத் தோன்றும். விவரம் தெரியாத பிள்ளை என்பார்கள் சிலர். பொய் சொல்கிறான் என்பார்கள் வேறு சிலர். இரண்டும் அவனுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்களை எடுத்துக்கொள்வோம். 1914 ஆகஸ்ட்டில் கப்பலேறத் தொடங்கிய அவர்களில் முதல் அணியினர் சூயஸ் கால்வாயைக் கடந்து, செப்டம்பர் 26 அன்று மார்செய் துறைமுகத்தில் இறங்கினார்கள். அடுத்த மாதமே பெல்ஜியத்தில் போர்முனை. பஞ்சாபிலோ கட்வால் மலையிலோ இருக்கும் வீட்டுக்கு ஒரு கடிதம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். கப்பலில் எழுதிய பயத்தை அம்மா கேட்கும்போது மகன் பதுங்குகுழியில் இருப்பான், அல்லது இல்லாமலே போயிருப்பான். அவள் பதிலுக்கு எழுதும் ஆறுதலும் அவனுக்கு நேரத்தோடு கிடைக்காது. ஆனால் மாடு, கடன், தங்கையின் கல்யாணம் ஆகியவற்றைப் பற்றி அவன் சொன்னால் வீட்டில் ஏதாவது செய்ய முடியும். அதனால் அதை எழுதினான். பயத்தை எழுதாமல் விட்டதும் அன்புதான்.

தணிக்கைக்குப் பயந்து எழுதியதை அன்பு என்று சொல்லலாமா என்று கேட்கலாம். தணிக்கை இருந்தது உண்மை. இந்தியக் கடிதங்களைப் படிக்கவே எவ்லின் ஹோவெல் என்ற அதிகாரியின் பொறுப்பில் பிரான்சில் ஓர் அலுவலகம் இயங்கியது. பிரிட்டிஷ் ராணுவம் அச்சடித்துக் கொடுத்த அஞ்சலட்டை ஒன்றும் இருந்தது. நலமாக இருக்கிறேன், மருத்துவமனையில் இருக்கிறேன் என்பது போன்ற வரிகளில் பொருந்தாதவற்றை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். கூடுதலாக ஏதாவது எழுதினால் அட்டை அழிக்கப்படும் என்று அதிலேயே போட்டிருந்தது. ஆனால் இத்தனை காவலையும் மீறி உண்மையைச் சொல்லச் சிப்பாய்களுக்குத் தெரிந்திருந்தது. கறுப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய். மிளகு தீர்ந்துவிட்டது என்று எழுதினால் செத்தவர்களின் கணக்கு ஊருக்குப் புரியும். பட்டாளத்தில் சேராதே என்ற எச்சரிக்கையும் இப்படி மறைவாகப் போனது. சொல்லிப் பயன் உண்டு என்றால் சொன்னார்கள். வீட்டாரைத் துடிக்கவைப்பதைத் தவிர வேறு பயனில்லாத இடத்தில் வாயை மூடிக்கொண்டார்கள்.

பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, யாரோ எழுதிக் கொடுத்த வாய்பாட்டு வரிகள்தானே என்றும் சொல்லலாம். அந்தப் பக்கத்திலும் யாரோ ஒருவர்தான் உரக்கப் படித்துக் காட்டினார். நாலு பேர் காதில் விழப்போகும் கடிதத்தில் மனத்தைத் திறந்து கொட்ட எவனால் முடியும்? வீட்டாருக்கு முழு உண்மையை அறியும் உரிமை உண்டே என்ற கேள்விதான் எனக்குக் கனமாகப் படுகிறது. உண்டு. அந்த உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள், அவனைக் கப்பலேற்றிவிட்டு அவன் கடிதத்தையும் பிரித்துப் படித்த ஆட்சியாளர்கள். இருபது வயதுப் பையன் தலையில் அதையும் சுமத்த எனக்கு மனம் வரவில்லை.