நாளுக்கொரு பியர்: நாவின் தீர்ப்பும் நெஞ்சின் நன்றியும்



மதுவைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவது, வெறித்துத் தள்ளாடி வீடு திரும்பும் தகப்பனும் வாசலில் அஞ்சி நிற்கும் பிள்ளைகளுமே. அக்காட்சியில் குற்றம் எது என்று எவரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் இன்று நாம் சிந்திக்கவிருக்கும் மனிதர் வேறொருவர்.

அவர் வெறிப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரேயொரு போத்தல் பியர்தான் அருந்துகிறார். ஆனால் நேற்று அருந்தியதை இன்று தொடமாட்டார். நாள்தோறும் புதிதாக ஒன்றை வாங்கி, கிளாசில் வார்த்து, நிறம் பார்த்து, நுரை பார்த்து, மணம் முகர்ந்து, மெல்லச் சுவைத்து, ஐந்துக்கு இத்தனை புள்ளிகள் என்று எழுதி வைக்கிறார். கடன்படவில்லை, சண்டையிடவில்லை, குடும்பத்தைக் கைவிடவுமில்லை. இவர் செய்வதில் பிழை ஏதும் உண்டா?

இது எங்கோ நடக்கும் விநோதம் என்று தள்ளிவிட வேண்டாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இப்பழக்கம் நன்கு வேரூன்றிவிட்டது. நம் பிள்ளைகளும் மருமக்களும் வாழும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இதற்கென்றே கடைகள் உண்டு. ‘நான் குடிக்கவில்லை அம்மா, ருசி பார்க்கிறேன்’ என்று மகன் சொன்னால், தாய் என்ன மறுமொழி சொல்வது? அவனைக் குடிகாரன் என்று ஏசுவதும் நியாயமல்ல. வெறும் பொழுதுபோக்கு என்று விட்டுவிடுவதும் விவேகமல்ல.

சுவைஞரின் பக்கத்து நியாயம்

முதலில் அவர் பக்கத்து நியாயத்தைக் கேட்போம். பியரை வகை பிரித்து ஆராயும் கலையை உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர், 2007 இல் காலமான ஆங்கில எழுத்தாளர் மைக்கல் ஜக்சன். புகழ்பெற்ற பாடகரின் பெயரையே கொண்டிருந்தாலும் இவர் வேறொருவர். 1977 இல் வெளிவந்த அவரது உலக பியர் வழிகாட்டி நூல், அதுவரை ஏளனமாக எண்ணப்பட்ட ஒரு பானத்தின் பின்னால் ஊர்களும் பரம்பரைகளும் கைத்திறனும் இருப்பதைக் காட்டியது. நமது நுவரெலியாவில் வடிக்கப்பட்ட கறுப்பு ஸ்ரவுட்டைக்கூட அவர் தேடிச் சென்று பாராட்டி எழுதினார்.

அமெரிக்காவில் 1970களின் இறுதியில் பியர் ஆலைகள் நூற்றுக்கும் குறைவாகவே இருந்தன. பெரிய கம்பனிகள் எங்கும் ஒரே சுவையை விற்றன. 1978 இல் வீட்டில் பியர் வடிப்பதற்குச் சட்டம் அனுமதியளித்தது. அதன் பின் சிறிய ஆலைகள் ஊருக்கு ஊர் எழுந்தன. 2023 இல் அங்கிருந்த ஆலைகள் 9,000க்கும் அதிகம். பார்லி, ஹொப்ஸ் பூ, மதுவம், நீர் என்னும் நாலு பொருள்களில் இத்தனை வேறுபாடு இருப்பதைக் கவனித்து அறிவது, மடக்கு மடக்கென்று விழுங்குவதிலும் மேலானது அல்லவா? படைப்பின் பொருள்களை உற்று நோக்குவது தன்னில் தீமையன்று. இதை நாம் மறுப்பதற்கில்லை.

அளவு மட்டுமா மட்டசனம்?

அப்படியாயின் தடை எங்கே? போசனப் பிரியம் என்றவுடன் அளவுக்கு மிஞ்சி உண்பதையும் குடிப்பதையும் மட்டுமே நாம் எண்ணுகிறோம். ஆனால் ஆறாம் நூற்றாண்டின் பாப்பரசர் புனித பெரிய கிரகோரியார் அதற்கு ஐந்து வழிகளைச் சொன்னார். பின்னர் புனித தோமஸ் அக்குவினாசும் அவற்றை ஏற்று விளக்கினார். காலத்துக்கு முந்தி உண்பது ஒன்று. விலையுயர்ந்ததையே தேடுவது இன்னொன்று. அளவு மீறுவது மூன்றாவது. அடங்காப் பேராவலோடு உண்பது நாலாவது. பக்குவத்தில் அளவுகடந்த நுணுக்கம் பார்ப்பது ஐந்தாவது. ஐந்தில் அளவைப் பற்றியது ஒன்றே ஒன்று என்பதைக் கவனியுங்கள். குற்றம் உணவில் அல்ல, ஆசையிலேயே உள்ளது என்றும் கிரகோரியார் காட்டுகிறார். எலியாஸ் தீர்க்கதரிசி இறைச்சி உண்டும் புண்ணியம் இழக்கவில்லை. ஏசாவோ வெறும் பயற்றங் கூழுக்காகத் தலைமகனுரிமையை இழந்தான்.

நம் சுவைஞர் மூன்றாவது வழியில் விழாதவராயிருக்கலாம். ஆனால் ஐந்தாவதில் விழுந்திருக்கக் கூடும். அளவில் தப்பியவர் நுணுக்கத்தில் அகப்படுகிறார்.

அளவில் தப்பினார் என்பதும் முழு உண்மையல்ல. 330 மில்லிலீற்றர் போத்தலில் நூற்றுக்கு ஐந்து வீதம் மதுசாரம் இருந்தால், அது ஏறக்குறைய 13 கிராம் தூய மதுசாரம். ஆண்டு முழுவதும் ஒரு நாளும் தவறாமல் அருந்தினால் நாலே முக்கால் கிலோ ஆகிறது. கைப்பக்குவ பியர்களுள் பத்து வீதமுள்ளவையும் உண்டு. அப்போது கணக்கு இரட்டிக்கும். மதுபானம் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988 இலேயே வகைப்படுத்தியது. உடல்நலத்துக்கு முற்றிலும் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 இல் அறிவித்தது. குறிப்பேட்டில் எழுதுவதால் ஈரல் ஏமாறாது. நாளுக்கொன்று என்ற விதி, ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையையும் பறித்துவிடுகிறது. சோதனை அங்கேதான் ஆரம்பமாகிறது.

ஒரே போத்தலில் பல சுவை

பெல்ஜியத்தில் ஓர்வால் என்னும் துறவு மடம் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியின்போது அழிந்து, 1926 முதல் மீண்டும் கட்டப்பட்ட மடம் அது. கட்டட வேலைக்குப் பணம் தேட 1931 இல் அங்கு பியர் ஆலை நிறுவப்பட்டது. அவ்வாலை வெளியே விற்பனைக்கு அனுப்பும் பியர் ஒன்றே ஒன்றுதான். ஆனால் போத்தலில் அடைத்த பின்னும் உள்ளே மதுவம் வேலை செய்துகொண்டே இருப்பதால், புதிதாக இருக்கும்போது ஹொப்ஸ் பூவின் மணமும் கசப்பும் மேலோங்கும். ஆறு மாதத்தில் அவை தணியும். ஓராண்டில் மண்வாசமும் இலேசான புளிப்பும் தோன்றும். பெயர் ஒன்று, சுவை பல.

இங்கே நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. இந்த பியரை ஒருமுறை சுவைத்துப் புள்ளியிட்டு அடுத்ததற்குப் போனவர் எதை அறிந்தார்? ஒரு நாளின் ஓர் முகத்தை மட்டுமே. அமெரிக்க ஆலைகளில் ஆலைக்கு ஒன்றாக நாளுக்கொன்று அருந்தினாலும் 9,000 பியருக்கு 24 ஆண்டுகளுக்கு மேல் செல்லும். அத்தனையும் முடித்தவர் பலவற்றைச் சந்தித்தவராவார். எதையும் அறிந்தவராவாரோ என்பது ஐயமே. புதிய பொருளைத் தேடுவது வேறு; பழகிய பொருளில் புதுமையைக் காண்பது வேறு. முன்னதற்குப் பணம் போதும். பின்னதற்குப் பொறுமையும் அன்பும் வேண்டும்.

அதே நாட்டில் வெஸ்ற்விலேற்றரன் என்னும் இடத்தில் புனித சிக்ஸ்துஸ் மடத்துத் துறவிகளும் பியர் வடிக்கிறார்கள். 2005 இல் சுவைஞர்களின் புள்ளிகளைத் திரட்டிய பட்டியல் ஒன்று அவர்களுடைய பியரை உலகில் முதலாவதாக அறிவித்தது. மடத்து வாசலில் வாகனங்கள் குவிந்தன. எந்த வியாபாரியும் அவ்வேளையில் ஆலையைப் பெருப்பித்திருப்பான். துறவிகளோ அதற்கு இணங்கவில்லை. மடத்தின் பிழைப்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. உலகமே தந்த முதற் புள்ளி அவர்களது செபநேரத்தை மாற்றவில்லை.

இத்துறவிகள் பின்பற்றும் புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கில் நாற்பதாம் அதிகாரம் பானத்தின் அளவைப் பற்றியது. துறவிக்கு நாளொன்றுக்குச் சிறிதளவு முந்திரிகை இரசத்தை அவர் அனுமதிக்கிறார். விலக்கி வாழ வரம் பெற்றவர்களைப் பாராட்டுகிறார். முடிவில் அவர் கண்டிப்பது வெறியை அல்ல, முறுமுறுப்பை. கிடைக்காத இடத்தில் முறுமுறுக்காமல் கடவுளைத் துதிக்கும்படி சொல்கிறார். சிந்தித்துப் பாருங்கள்: நாள்தோறும் புள்ளியிடும் நாவு, நாளடைவில் முறுமுறுக்கும் நாவாக மாறுவது எவ்வளவு எளிது!

நமக்குரிய சோதனை

கானாவூர்க் கலியாணத்தில் பந்தி விசாரித்தவர் இரசத்தைச் சுவைத்து, நல்லதென்று சரியாகவே தீர்ப்புச் சொன்னார். ஆயினும் அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. தண்ணீர் மொண்டு சுமந்த பணியாளருக்குத் தெரியும். நாவின் தீர்ப்பு சரியாயிருந்தும், கொடையின் ஊற்றை அறியாமற் போக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆகவே சுவைக்கும் மனிதர் தம்மிடம் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். இன்று இதை விட்டுவிட என்னால் முடியுமா? நேற்றுச் சுவைத்ததை நன்றியோடு நினைக்கிறேனா, அல்லது அதன் எண்ணை மட்டும் நினைக்கிறேனா? இதை ஆக்கிய கைகளை எண்ணிப் பார்த்தேனா? இவற்றுக்கு மனச்சாட்சி தயங்காமல் மறுமொழி தந்தால், எப்போதாவது ஒருநாள் சுவைப்பதில் அவர் சுதந்திரர். தயங்கினால், போத்தல் சிறிதாயினும் கட்டு பெரிது.

பியரையே தொடாத நம் வீடுகளுக்கும் இக்கேள்விகள் பொருந்தும். விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டி, சோறும் கறியும் ஆக்கி முன்னே வைத்த தாயிடம், ‘உப்புக் குறைவு’, ‘நேற்றும் இதுதானே’ என்று புள்ளியிட்டு எழும்பும் நாவுகள் நம்மிடையே எத்தனை! அக்கறி நாற்பது ஆண்டுகளாக ஒரே கறியாக இருக்கலாம். மழைக்காலத்தில் அதற்கொரு சுவை, தவக்காலத்தில் இன்னொரு சுவை, வருத்தத்தில் கிடந்து எழும்பிய அன்று வேறொரு சுவை. அவற்றைக் கண்டறியக் கடைக்குப் போகத் தேவையில்லை. இன்றிரவு சாப்பிட உட்காரும்போது, தீர்ப்புச் சொல்லுமுன் ஒரு நன்றி சொல்லிப் பாருங்கள்.