திறமை யாருடைய சொத்து?

பத்து வயதுப் பிள்ளையொன்று பிற்காலத்தில் என்னவாக வரலாம், என்னவாக வர முடியாது என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? ஜேர்மனியில் வாழும் நாம், எமது பிள்ளைகள் நான்காம் வகுப்பை முடிக்கும்போது இந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கிறோம். பேர்லின், பிராண்டன்பேர்க் ஆகியவற்றைத் தவிர்த்து, இங்கு அநேகமான மாநிலங்களில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் காலம் அத்தோடு முடிந்துவிடுகிறது. பல்கலைக்கழகத்துக்கு நேரே இட்டுச்செல்லும் கிம்னாசியம், நடுத்தர உத்தியோகங்களுக்கான றெயால்சூல, கைத்தொழிலுக்கான ஹவுப்ட்சூல என்று முன்னர் மூன்று வாசல்கள் இருந்தன. பல மாநிலங்களில் அவை இன்று இரண்டாகச் சுருங்கியுள்ளன. வாசல்கள் குறைந்தாலும் பிரிப்பது நிற்கவில்லை.

இந்தப் பிரிப்புக்குச் சொல்லப்படும் நியாயம் திறமை. கெட்டிக்காரப் பிள்ளை மேலே போகும், மற்றது தனக்கேற்ற இடத்துக்குப் போகும் என்கிறார்கள். கேட்பதற்கு நீதியாகவே இருக்கிறது.

கல்விச் சமூகவியல் கேள்விக்குள்ளாக்கியது இந்த நீதியைத்தான். பிரான்சின் தென்மேற்குக் கிராமமொன்றில் தபாற்காரரின் மகனாகப் பிறந்த பியர் பூர்தியு, ழான்-குளோட் பஸ்ரோனுடன் சேர்ந்து 1964இலும் 1970இலும் எழுதிய நூல்களில் ஒரு எளிய உண்மையை முன்வைத்தார். காணியும் காசும் மட்டும் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறுவதில்லை. பேசும் முறை, சொல்வளம், புத்தகத்தோடுள்ள பழக்கம், ஆசிரியருக்கு முன்னால் கூச்சமின்றி நிற்கும் தைரியம் ஆகியனவும் கைமாறுகின்றன. இதையே அவர் பண்பாட்டு மூலதனம் என்றார். பாடசாலை இதைக் கற்றுக்கொடுப்பதில்லை. ஆனால் இது இருக்கிறதா என்று பரீட்சிக்கிறது. வீட்டிலிருந்து கொண்டுவந்த பிள்ளை கெட்டிக்காரன் ஆகிறது, கொண்டுவராத பிள்ளை மொக்கு ஆகிறது. சொத்தாக வந்தது, பரீட்சை மண்டபத்தைக் கடந்ததும் திறமை என்று பெயர் மாற்றிக்கொள்கிறது. சமூகம் தன்னை அப்படியே மீளுற்பத்தி செய்துகொள்ளும் வழிகளில் இது ஒன்று. இதிலே கொடுமையானது, தோற்ற பிள்ளையும் 'எனக்கு மூளை இல்லை' என்று அதை ஏற்றுக்கொள்வதுதான். பூர்தியு குறியீட்டு வன்முறை என்று சொன்னது இத்தகைய சம்மதத்தைத்தான். இங்கே யாரும் அடிப்பதில்லை. அடிபட்டவர் தலைகுனிந்து போகிறார்.

1968இல் அமெரிக்கரான பிலிப் ஜாக்சன் மறைமுகப் பாடத்திட்டம் என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். புத்தகத்தில் இல்லாத, ஆனால் நாள்தோறும் படிப்பிக்கப்படும் பாடங்கள் அவை: காத்திருத்தல், அடங்கியிருத்தல், மற்றவர் தன்னை எடைபோட விட்டுக்கொடுத்தல். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் சொல்வதைத் தாய்க்குத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லும் அகதியின் பிள்ளை இன்னுமொரு பாடத்தையும் படிக்கிறது. தன் தாயின் மொழிக்கு அந்த அறையில் எந்தப் பெறுமதியும் இல்லை என்பதே அது.

2001இல் வெளிவந்த பீசா ஆய்வு, பெற்றோரின் சமூகநிலை பிள்ளையின் வாசிப்புத் திறனை மிக வலுவாகத் தீர்மானிக்கும் நாடுகளில் ஜேர்மனியும் ஒன்று எனக் காட்டியது. நாடே அதிர்ந்தது. ஆனால் ஹம்பேர்க்கில் நடந்ததைப் பாருங்கள். பிள்ளைகள் நான்கு ஆண்டுகளுக்குப் பதிலாக ஆறு ஆண்டுகள் சேர்ந்து படிக்கட்டும் என்ற சீர்திருத்தத்தை அந்த மாநில நாடாளுமன்றத்தின் எல்லாக் கட்சிகளும் ஆதரித்தன. 2010 யூலை 18இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. அதற்கெதிரான முன்மொழிவுக்குச் சுமார் 276,000 வாக்குகள் விழுந்தன, சீர்திருத்தம் தோற்றது. வசதியானவர்கள் வாழும் பகுதிகளில் வாக்களிப்பு அதிகம், வறிய பகுதிகளில் குறைவு. ஜேர்மன் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வாக்கே இல்லை. எவருடைய பிள்ளைகளுக்காக அந்தச் சீர்திருத்தம் கொண்டுவரப்பட்டதோ, அவர்களில் பலருக்கு அதைப்பற்றிச் சொல்ல வாய் இருக்கவில்லை.

இதுவரை அநீதி எம்மீது இழைக்கப்படுவதாகவே பேசினோம். இங்கேயே நிறுத்திவிட்டால் அது பாதி உண்மைதான்.

திறமை என்ற சொல்லுக்கு ஈழத்தமிழரிடையே ஒரு தனிவரலாறு உண்டு. 1971இல் மருத்துவபீடத்துக்குத் தமிழ் மாணவர் 400க்கு 250 புள்ளிகள் பெறவேண்டும், சிங்கள மாணவருக்கு 229 போதும் என்றானபோது, ஒரு தலைமுறையின் நம்பிக்கை உடைந்தது. மொழியை அளவுகோலாக்கிய அந்தத் தரப்படுத்தல் இனப்பாகுபாடே, அதில் மறுபேச்சில்லை. ஆனால் அதற்கெதிராக நாம் தூக்கிப்பிடித்த 'திறமை' எங்கிருந்து வந்தது? 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் தொடங்கிய கல்லூரியிலிருந்து ஒன்றரை நூற்றாண்டாக யாழ்ப்பாணத்தில் சேர்ந்த பாடசாலைகளிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் வந்தது. அந்தப் பாடசாலைகளின் கதவுகள் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பல இடங்களில் அனுமதி இல்லை, அனுமதித்த இடங்களிலும் இருக்கை இல்லை, நிலம்தான். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் சம ஆசனம் என்ற கோரிக்கை எழுந்தபோது பாடசாலைகள் தீயிடப்பட்டன. 1945இல் இலவசக் கல்வி வந்த பின்னரும் மலையகத் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் அதற்கு வெளியிலேயே கிடந்தன. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது யாழ்ப்பாணம் இழந்தது. மன்னாரிலும் வவுனியாவிலும் இருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கோ அது ஒரு வாசலாகவும் இருந்தது.

ஆக, ஜேர்மன் ஆசிரியரிடம் நாம் கேட்கும் கேள்வியை எமது ஊர்களிலும் கேட்டாக வேண்டும். வீட்டில் ஜேர்மன் இல்லாத பிள்ளையை மொக்கு என்பது தவறென்றால், வீட்டில் விளக்கில்லாத பிள்ளையை மொக்கு என்றதும் தவறுதான். ஒன்றை அநீதி என்றும் மற்றதை இயல்பு என்றும் சொல்வதற்கு ஒழுக்க நியாயம் கிடையாது.

அப்படியானால் திறமையே பொய்யா? இல்லை. சத்திரசிகிச்சை செய்பவருக்குக் கத்தி பிடிக்கத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஒரு வேலைக்குத் தகுதி பார்ப்பது வேறு, அந்தத் தகுதியைக் கொண்டு மனிதரின் பெறுமதியை அளப்பது வேறு. 'திறமையாட்சி' என்ற சொல்லை 1958இல் தனது நூலால் பரவச்செய்த மைக்கல் யங் அதை ஒரு எச்சரிக்கையாகவே எழுதினார். தாம் வென்றது முழுவதும் தம்மால்தான் என்று நம்புபவர்கள் தோற்றவர்களுக்கு எதையும் கடன்பட்டதாக உணரமாட்டார்கள் என்று அவர் அஞ்சினார். அரசியல்வாதிகள் அதைப் புகழ்ச்சொல்லாக எடுத்துக்கொண்டதை 2001இல் கண்டித்தும் எழுதினார்.

இன்று எமது பிள்ளைகளில் பலர் கிம்னாசியத்தை முடித்து வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் வந்துவிட்டார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வெற்றிக்குப் பின்னால் இரவில் உணவகத்தில் கோப்பை கழுவிய தகப்பன் இருக்கிறார், வேலைக்கிடையே ரியூசனுக்குக் காசு சேர்த்த தாய் இருக்கிறாள், இலவசக் கல்வியும் இந்த நாட்டின் வரிப்பணமும் இருக்கின்றன. இத்தனை பேர் சேர்த்த சொத்தைத் தனியொருவரின் மூளை என்று சொல்லிக்கொடுக்கப் போகிறோமா? அப்படிச் சொல்லிக்கொடுத்தால், நேற்று வந்த சிரிய அகதியின் பிள்ளை நான்காம் வகுப்பில் தடுமாறும்போது எமது பிள்ளைகளும் அதை மொக்கு என்றுதான் சொல்வார்கள்.