தெரிந்ததை மறைத்தல்

அனலைதீவிலிருந்து யாழ்ப்பாணத்து ரியூட்டரிக்குப் போவதென்றால் முதலில் ஊர்காவற்றுறைக்குப் படகேற வேண்டும். அந்தத் தீவில் உயர்தரம் படிக்கும் ஒரு மாணவனை எண்ணிக்கொள்வோம். பாடசாலைச் சஞ்சிகைக்கு ஊர்ச் செய்திகள் எழுதுபவன், கணிதம் கைவந்தவன். மாலையில் சக மாணவர் நாலு பேருக்கு அதைச் சொல்லியும் கொடுக்கிறான்.

நல்ல பிள்ளை என்போம். ஆனால் பொறியியல் போன்ற துறைகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் போகிறது. அந்த நால்வரும் அவனுடைய மாவட்டத்தவர். அவனுடைய இடத்துக்கே போட்டியிடுபவர்கள்.

கற்பித்தால் கற்பிப்பவனுக்கும் அறிவு பெருகும் என்பார்கள். உண்மைதான். எனினும் அது இலாபக் கணக்கு. தன் இடம் பறிபோகுமென்றாலும் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்பதல்லவா கேள்வி?

ஹிஜ்ரி 2இல் பத்ருப் போரில் பிடிபட்டு, பிணைத்தொகைக்கு வழியற்றிருந்த மக்கத்துக் கைதிகளில் எழுதத் தெரிந்தவர்கள், மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு அதைக் கற்பித்து விடுதலை பெற்றதாக சீறா நூல்கள் கூறும். வஹியை எழுதிய ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அப்படிக் கற்றவர்களுள் ஒருவர் என்பர். அவர்கள் விரும்பிக் கொடுக்கவில்லை, விலையாகக் கொடுத்தார்கள். நம் மாணவனை யாரும் சிறைப்பிடிக்கவில்லை. ஆயினும் இலவசக் கல்வியில் படித்தவன் அவன். அந்த நால்வரின் தகப்பன்மாரும் அதற்கு வரி கொடுத்திருக்கிறார்கள். அவனிடம் இருப்பது அமானிதம்.

செய்தி விடயத்தில் நமக்கு இந்தத் தயக்கமே இல்லை. சாட்சியத்தை மறைப்பது உள்ளத்தின் பாவம் என்பதற்கு அல்பகரா 283ஐக் காட்டுவோம். யாழ். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கல்வி பயின்றுகொண்டே செய்தியாளராக இருந்த சகாதேவன் நிலக்ஷன், 2007 ஆகஸ்ட் 1ஆம் திகதி கொக்குவிலில் தம் வீட்டில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 22. செய்தியாளனிடம் உயிராபத்தையே எதிர்பார்க்கும் நாம், மாணவனிடம் ஒரு பல்கலைக்கழக இடத்தைக் கேட்கக் கூசுகிறோம்.

அவனுடைய நேரம் முழுவதையும் கேட்க நமக்கு உரிமையில்லை. வறிய வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஓர் இடந்தான் குடும்பத்தின் எதிர்காலம். பரீட்சைக்கு முந்திய மாதம் கதவைச் சாத்திக்கொண்டு படித்தால் யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் கிடைத்த மாதிரி வினாத்தாளைப் பைக்குள் மடித்து வைத்துவிட்டு, படகில் கூட வருபவனிடம் "ஒன்றும் கிடைக்கவில்லை" என்பது வேறு. செய்தி எழுதுபவனுக்கு அதன் பெயர் தெரியும்.