சிரமத்துக்குச் சாட்சி

ஒருவர் தேகத்தில் எழும் சிரமத்தை மற்றொருவர் எந்தப் பிரமாணத்தைக் கொண்டு அறிவது என்னும் வினா தர்க்க நூலோருக்கு மட்டும் உரியதன்று. ஆறு வயதுக் குழந்தைகளை மைதானத்தில் ஓடவிட்டு நிற்கும் தேகப்பயிற்சி ஆசிரியருக்கும் அது அன்றாட வினாவே. சுவீடன் தேசத்து உளநூல் அறிஞர் குன்னார் போர்க், மனிதர் தாம் உணரும் சிரமத்தைத் தாமே சொல்லும்படி 6 முதல் 20 வரை ஓர் அளவை வகுத்தார். சொன்ன எண்ணைப் பத்தால் பெருக்கினால், வயது வந்தவரின் நாடித்துடிப்பு ஏறத்தாழக் கிடைக்கும் என்பது அதன் அமைப்பு. சிறு குழந்தைக்கு அவ்வெண்கள் வெறும் ஓசை. ஆகவே 1994-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் குழந்தைகளின் பேச்சுச் சொற்களைக் கொண்டே 1 முதல் 10 வரை ஒரு பட்டியல் அமைத்தனர். 2000-இல் அமெரிக்காவில் ராபர்ட்சன் குழுவினர், மேட்டில் சைக்கிள் மிதித்தேறும் பிள்ளையின் சித்திரங்களை எண்களோடு சேர்த்து வைத்தனர்.

காவிரிப் படுகைப் பிள்ளைக்கு அந்த மேடும் அந்நியமே. இங்கே முருகன் தலமான சுவாமிமலைகூட மனிதர் எழுப்பிய கட்டுமலைதான். ஆடிக்காற்றை எதிர்த்துச் சைக்கிள் மிதிப்பதையும், நடவு வயலின் சேற்றில் புதைந்த காலைப் பிடுங்கி எடுப்பதையும் வரைந்து காட்டினால், நம் பிள்ளை உடனே விரல் வைத்துச் சொல்லிவிடும்.

தொடக்கத்தில் எழுப்பிய பிரமாண வினாவுக்குத் திரும்புவோம். சைவ சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் காட்சி அளவை என்னும் பிரமாணத்தை நான்காக வகுத்து, இன்ப துன்பங்களை உயிர் தானே அறிவதைத் தன்வேதனைக் காட்சி என்று தனியே நிறுத்தினார். அதன்படி நோக்கின், நாடியை எண்ணிச் சிரமத்தை ஊகிப்பது வெறும் கருதல் அளவை. குழந்தை அறிவதோ நேரான காட்சி. அக்காட்சி நம்மை எட்டுவதற்கு அதன் வாய்ச்சொல்லன்றி வேறு வழியில்லை. ஆகமத்துக்கு உரிய உரை அளவையின் அருகே மழலையை வைப்பது மிகையெனச் சிலர் கருதலாம். ஆயினும், மகன் உபதேசிக்கத் தந்தை சீடனாக அமர்ந்து கேட்டதாகப் போற்றும் தலமான அந்தச் சுவாமிமலை இந்த நாட்டிலேயே இருக்கிறது.

அத்தலத்தின் 60 படிகளையும் ஒரே ஓட்டமாக ஏறி, கழுத்தெல்லாம் வியர்க்க முழங்காலில் கையூன்றி நின்ற ஒரு சிறுமியிடம், "கஷ்டமா இருக்காடி கண்ணு?" என்று பாட்டி கேட்க, "இல்லவே இல்ல பாட்டி, மறுபடியும் ஏறலாம் வா" என்றாள். சிறிது நேரங்கழித்து, தரிசன வரிசையில் அசையாது நிற்கையில், "கால் வலிக்குது, தூக்கிக்கோ" என்று அவளே அழுதாள். நாடி பார்த்தவர் முன்னதைச் சிரமம் என்றும் பின்னதை ஓய்வு என்றும் எழுதியிருப்பார். இரு வேளையிலும் அவள் பொய் சொல்லவில்லை என்றே நான் உறுதியாக நம்புகிறேன். விருப்பம் கூடியபோது இலேசாகும் பாரம், விருப்பம் நீங்கியபோது கனப்பதும் சிரமத்தின் இயல்பே அன்றோ! இதயத்தின் க்ஷேமத்தை அறிய நாடி வேண்டும். உணர்வை அறிய அவள்தான் வேண்டும்.

இந்தச் சாட்சியைக் கெடுப்பது குழந்தையின் அறியாமையைவிடப் பெரியவரிடம் அதற்குள்ள அச்சமே. பிரம்போடு நின்று கேட்டால், மூச்சு முட்டுகிற பிள்ளையும் "இல்ல சார்" என்றுதான் சொல்லும். கேட்பவர் தரையில் அதன் உயரத்துக்கு அமர்ந்து, எந்த எண்ணைத் தொட்டாலும் ஏச்சில்லை என்று முன்பே தெளிவாக்கி, போதும் என்றால் அந்தக் கணமே ஓட்டத்தை நிறுத்தச் சித்தமாக இருந்தாலன்றி, ஏட்டில் ஏறும் எண் அவருடைய விருப்பத்தின் அளவாகவே இருக்கும்.